‘ஐடியா இருந்தால் சொல்லுங்கோ’ என்று கேட்டு ஏமாறாதீர்கள்: புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கு

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. 12 அறை, 11 பேர் வேலை. வரவேற்பு மேசையில் 4 வருடம் இருந்த என்னை ஒரு தை மாதம் முகாமையாளர் ஆக்கினார்கள். முதல் கிழமையே கூட்டம் வைத்தேன். பிளேன்ரீ, உளுந்து வடை எல்லாம் வாங்கி வைத்து, கதிரைகளை வட்டமாகப் போட்டு, "இந்த இடத்தை முன்னேற்ற ஏதாவது ஐடியா இருந்தால் சொல்லுங்கோ" என்றேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. குசினியில் சமைக்கிற நானாதான் கடைசியில் எல்லோரையும் காப்பாற்றினார்: "நீங்க சொல்லுங்க தம்பி, நாங்க செய்றோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். வடை முடிந்தது, கூட்டமும் முடிந்தது.

அரை மணித்தியாலம் கழித்து, பின்பக்கக் குழாயடியில் கூட்டித் துடைக்கிற அக்கா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "விடியக்காலமை ரயிலில வாறவையின்ர பையளைச் சுத்திச் சுத்தித்தான் நான் கூட்ட வேண்டிக்கிடக்கு. அதுகளும் பாவம், குளிக்கவும் இடமில்லை, குந்தவும் இடமில்லை."

நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் விடியும் முன்பே ஆட்களை இறக்கிவிடும். எங்கள் அறையோ பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். இடையில் அவ்வளவு நேரமும் அவர்கள் எங்கள் விறாந்தையில் பையோடு கிடப்பார்கள். இதை அக்கா தினமும் பார்த்திருக்கிறார். ஆனால் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் அது ‘ஐடியா’ என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரு தலையிடி, அவ்வளவுதான்.

கடையோ, படகுச் சேவையோ, தனியார் மருந்தகமோ, சின்னக் கந்தோரோ, முதல் தடவையாக நாலு பேருக்குப் பொறுப்பாக வந்திருக்கும் ஆட்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். "எங்கட ஆக்கள் யோசிக்க மாட்டினம்" என்று அலுத்துக்கொள்கிற பொறுப்பாளர்களை நிறையப் பார்த்துவிட்டேன். யோசிக்கிறார்கள். உங்கள் காதுக்கு வராத இடத்தில் யோசிக்கிறார்கள்.

முதலாவது வேலை: ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கைபேசி வேண்டாம், கைபேசியைத் தட்டிக்கொண்டு நின்றால் முகநூல் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள். இரண்டு விஷயத்தை மட்டும் குறித்தால் போதும். ஒன்று, வேலை எங்கே நின்று காத்துக்கிடக்கிறது. மற்றது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் தன் வேலைக்குத் தானே ஒரு வழி பிடித்து வைத்திருக்கிறாரா.

இந்த இரண்டாவதுதான் தங்கம். எங்கள் சலவைத் தங்கச்சி துவாய்களின் ஓரத்தில் கலர் நூல் தைத்து வைத்திருந்தாள். கீழ்மாடிக்குச் சிவப்பு, மேல்மாடிக்கு நீலம். இரவுக் காவலுக்கு நிற்கும் ஐயா, நம்பி அனுப்பக்கூடிய ஓட்டோக்காரர்களின் இலக்கங்களை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். பொய் விலை சொன்னவனின் பெயரை வெட்டியும் விட்டிருந்தார். 4 வருடம் அதே நாள்காட்டிக்கு முன்னால் இருந்த எனக்கு அது தெரியாது. ஆக்கச் சிந்தனை என்று பெரிய பேராக வைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்துகிற சரக்கு இதுதான். புதிதாக எதையும் கொண்டுவந்து இறக்கத் தேவையில்லை, இருப்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"எப்படி முன்னேறலாம்?" என்பது கேள்வியே இல்லை. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, முதலாளியாலும் முடியாது. கொப்பியில் குறித்ததிலிருந்து ஒரே ஒரு இடத்தை எடுத்து அதைப் பற்றிக் கேளுங்கள். "காலமை 5 மணியிலிருந்து 2 மணி மட்டும் ரயிலில் வந்தவர்கள் எங்கே இருப்பது?" என்றால் அக்காவுக்கும் பதில் இருக்கும், ஐயாவுக்கும் இருக்கும். கடை வைத்திருந்தால், "வாசல் வரை வந்து விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் கடைசியாக எதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்?" என்று கேட்கலாம்.

கேள்வி சின்னதானபின் உள்ளே போகவும் வேண்டும். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு சிக்கலை எடுத்து ஐந்து தடவை ‘ஏன்’ கேட்பார்கள் என்பது பலருக்கும் தெரிந்த முறை. நாங்கள் அதை ஒரு காலைச் சாப்பாட்டில் செய்து பார்த்தோம்.

திமிங்கிலம் பார்க்கப் போகிற விருந்தினர்கள் சாப்பிடாமலே போய்விடுகிறார்கள். காசு கட்டிய சாப்பாடு. திரும்பி வந்து முகம் சுளிக்கிறார்கள். ஏன் சாப்பிடவில்லை? படகு 6 மணிக்கு வெளிக்கிடும், எங்கள் சாப்பாடு ஏழரைக்கு. ஏன் ஏழரைக்கு? நானா ஏழு மணிக்குத்தான் வருவார். ஏன் ஏழு மணிக்கு? கிண்ணியாவிலிருந்து அவர் பிடிக்கிற பஸ் அந்த நேரத்துக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும். சரி, அவர் வருவதற்கு முன் வேறு யாராவது ஏதாவது செய்து கொடுக்க முடியாதா? முடியாது. ஏன்? களஞ்சிய அறைத் திறப்பு அவர் சட்டைப்பையில்.

இவ்வளவு காலமும் நாங்கள் இரண்டாவது சமையல்காரரை எடுக்கக் காசில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். சிக்கல் ஒரு திறப்பில் இருந்தது. இப்போது நானா முதல்நாள் இரவே ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை, இரண்டு வாழைப்பழம் என்று பார்சல் கட்டி வைத்துவிட்டுப் போகிறார். குளிர்சாதனப் பெட்டியின் திறப்பு ஐயாவிடம். 5 மணிக்கு அவர் எடுத்துக் கொடுக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரில் ‘ஏன்’ என்ற சொல்லுக்கு வாத்தியார் வாசம் உண்டு. "ஏன் பிந்தினது?" என்றால் ஆள் உடனே காரணம் சொல்லித் தப்பத்தான் பார்ப்பார். "எதனால பிந்துது? இடையில என்ன மறிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆள் இருந்து கதைப்பார்.

கூட்டத்தில்: முதலில் எழுத்து, பிறகு பேச்சு, நீங்கள் கடைசி

எல்லோரையும் கூட்டி வைத்து வாய்க்கு வந்த யோசனைகளைச் சொல்லச் சொல்லுகிற முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரர். குழுவாக இருந்தால் யோசனை கூடும் என்பது அவர் வாதம். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்திருந்து சொன்னதைவிட, நாலு பேர் தனித்தனியே யோசித்ததைக் கூட்டினால்தான் யோசனைகள் அதிகம் வந்தன. பின்னாளில் வேறு பல ஆய்வுகளிலும் இதே மாதிரித்தான் வந்தது. காரணம் விளங்காத ஒன்றில்லை. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகும், அல்லது முதலில் கதைத்தவரின் பக்கம் மனம் சாயும். அதோடு, நாங்கள் பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக் கூடாது என்று வளர்ந்த ஆட்கள்.

ஆகவே, கேள்வியை முதல்நாளே சொல்லிவிடுங்கள். மறுநாள் ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி, 5 நிமிடம், பெயர் எழுதத் தேவையில்லை. துண்டுகளைக் கலந்து, ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது.

திருகோணமலையில் இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் 11 பேரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பக்கமும் உண்டு. கூட்டம் தமிழில் நடந்தால் படகு பார்க்கிற மல்லி வாய் திறக்க மாட்டான். ஆங்கிலத்தில் வைத்தால் வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் மட்டும் கதைப்பார்கள், மற்றவர்கள் சிரித்துச் சமாளிப்பார்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி என்று விட்டுவிடுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஐயா இருக்கிறார். மூன்றும் தெரிந்த ஒரு ஐயா இந்த ஊரில் எல்லா இடத்திலும் இருப்பார். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதுவிக்கலாம், படம் கீறலாம். மல்லி ஒருமுறை எழுதவே இல்லை. எங்கள் படகு ஏறுமிடத்தைக் கீறி, வயதுபோனவர்கள் வழுக்கி விழும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வைக்காதீர்கள். 25 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். உங்கள் கருத்து எவ்வளவு நல்லதென்று உங்களுக்குத் தோன்றினாலும் எல்லோரும் சொல்லி முடிந்த பிறகே சொல்லுங்கள். நீங்கள் வாய் திறந்த கணத்தில் கூட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்தி வரும்போது உங்கள் முகம்

இதில் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ஆவணி, விடுதி நிறைந்திருந்த நேரம். புதிதாக வந்த தம்பி ஒருவன் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குப் பதிந்துவிட்டான். காலையிலேயே கண்டுபிடித்து, ஓடிவந்து என்னிடம் சொன்னான். நான் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். பின்னேரம் பக்கத்து விடுதியில் அறை எடுத்துச் சமாளித்தோம், அந்த அளவில் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த இரண்டு மாதம் யாரும் எதையும் சொல்லவில்லை. தண்ணீர் மோட்டார் ஒரு கிழமையாக வித்தியாசமாகச் சத்தம் போட்டதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அது எரிந்துபோன அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஹார்வர்ட் பேராசிரியை எமி எட்மன்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து இயங்குகிற குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு மறுபக்கமாக வந்தது. பிறகு தோண்டிப் பார்த்தால், அந்தக் குழுக்கள் கூடுதலாகப் பிழை விட்டதாகத் தெரியவில்லை. விட்ட பிழையைப் பயமில்லாமல் வெளியே சொல்லியிருக்கிறார்கள். மற்றக் குழுக்கள் மறைத்திருக்கிறார்கள். பிழையைச் சொல்லப் பயப்படுகிற இடத்தில் புது யோசனை சொல்லவும் பயப்படுவார்கள். இரண்டுமே ‘இப்ப இருக்கிறது சரியில்லை’ என்று மேலே இருப்பவரிடம் சொல்வதுதானே.

செய்ய வேண்டியது: யாராவது கெட்ட செய்தியோடு வந்தால் வாயிலிருந்து வரும் முதல் வசனத்தை முன்பே தயார் செய்து வையுங்கள். என்னுடையது, "நல்லகாலம் இப்பவே சொன்னனீங்கள்." கோபம் இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்தத் தம்பியிடம் பிறகு எல்லோருக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். முன்னால் கத்திவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது கணக்கில் சேராது.

யோசனை வந்தால் சின்னதாகச் செய்து பாருங்கள்

அக்கா குழாயடியில் சொன்ன ரயில் பயணிகளின் பைப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். முதலாளியிடம் போய் ‘அதிகாலைப் பயணிகள் ஓய்வறை கட்டுவோம்’ என்று சொல்லியிருந்தால் செலவுக் கணக்கைப் பார்த்தே துரத்தியிருப்பார். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பின்பக்கம் சாமான் போட்டிருந்த அறையை ஒதுக்கி, குளியலறைக்கு ஒரு கொளுக்கி, இரண்டு வாங்கு, பைகளுக்கு ஒரு தட்டு. இரண்டு கிழமை மட்டும். குளித்து, காலைச் சாப்பாடும் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்னத் தொகை. எவ்வளவு செலவழிக்கலாம், எந்தத் திகதியில் நிறுத்திப் பார்ப்போம், எதைப் பார்த்து ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்போம் என்ற மூன்றையும் தொடங்க முன்பே பலகையில் எழுதினோம்.

எழுதாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பிடித்த யோசனை சரிவராவிட்டாலும் இழுபடும், பிடிக்காத யோசனை நாலாம் நாளே சாகும்.

அந்த அறை இன்றைக்கும் இருக்கிறது. எங்களிடம் அறை பதியாதவர்கள்கூட ரயிலால் இறங்கி வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிலாவெளிக்குப் போகிறார்கள். அதே மாதிரிச் செய்து பார்த்த வேறு இரண்டு யோசனைகள் படுத்துவிட்டன, அதில் ஒன்று என்னுடையது. பின்னேரக் கடற்கரைத் தேநீர் என்று மேசை போட்டேன். சோழகக் காற்று மண்ணை அள்ளிக் கோப்பைக்குள் போட்டது. மூன்றாம் நாளே எல்லோருக்கும் முன்னால் ‘இது பிழைச்சுப்போச்சு’ என்று பலகையில் நானே வெட்டினேன். அந்தக் கிழமைக் கூட்டத்தில் வழமையைவிட அதிகமான துண்டுகள் வந்தன.

தொலைநோக்கு: அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது

மேலே சொன்னதெல்லாம் இன்றைய சிக்கலுக்கு. வரப்போவதைப் பார்த்து எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பது வேறு வேலை. இதை வைகாசியில் தொடங்காதீர்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை எங்கள் கரையில் கடல் அமைதி, ஆட்கள் வருவார்கள், யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் விடுதி வெறிச்சோடிக் கிடக்கும்போது வையுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுக்கு அடைக்க மட்டும் ஆட்களை வைத்திருப்பது நட்டம்.

பருவத்தைப் படித்துத் திட்டம் போடுவது என்பது வெளியிலிருந்து வந்த வித்தை இல்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தென்மேல் பருவக்காற்றில் தங்கள் கடல் கொந்தளிக்கும்போது இங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்துவிட்டுத் திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர்கள் அடிபட்டதற்கும் காற்றுத்தான் ஒரு காரணம்: வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கப் பாதுகாப்பான இடமில்லை, இங்கே இருந்தது.

பெரிய கடதாசியில் 12 மாதத்தையும் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை எழுதட்டும். பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர்க் குடும்பங்கள், ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கட சனம், சித்திரையிலும் ஆவணியிலும் மார்கழியிலும் பள்ளி விடுமுறை, நோன்பு மாதத்தில் நானாவின் நேரமாற்றம். இவ்வளவும் ஒருவர் தலைக்குள் இருக்காது, 11 பேர் தலைக்குள் இருக்கும்.

பிறகு மூன்று கேள்வி. என்ன வரப்போகிறது? எங்களிடம் இருப்பதும் பக்கத்து விடுதியிடம் இல்லாததும் என்ன? எதை நிறுத்தப் போகிறோம்? கடைசிக் கேள்வியில்தான் ஆட்கள் திணறுவார்கள், அங்கேதான் நிற்க வேண்டும். எங்கள் சாப்பாட்டுப் பட்டியலில் 60க்கு மேல் ஐட்டம் இருந்தது. நானாதான் சொன்னார், "பாதிக்கு மேல யாரும் கேக்கிறதே இல்ல, சாமான்தான் பழுதாகுது." 14 ஆகக் குறைத்தோம். மீன் மட்டும் அன்றன்றைக்குக் கரைக்கு வந்ததைப் பார்த்துப் பலகையில் எழுதுகிறோம்.

திட்டம் முடிவானதும், ஆரவாரத்தோடு எழும்பிப் போய்விடாமல் இன்னும் 10 நிமிடம் இருங்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிப் பரவலாக்கிய முறை ஒன்று இருக்கிறது. "அடுத்த புரட்டாதி வந்துவிட்டது. இந்தத் திட்டம் படுதோல்வி. எதனால் தோற்றது என்று எழுதுங்கோ." இப்படிக் கேட்டால், திட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கும்போது மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் எழுதுவார்கள். தோற்றாயிற்று என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, இனி யாரையும் குறை சொன்னதாக ஆகாது.

இதை விளக்க நான் ஹேர்மிஸ் கப்பலின் கதையைச் சொல்வேன். 1942 சித்திரையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கப்போவது முன்கூட்டியே தெரியவந்து, பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அதுவரை சரி. ஆனால் அதன் விமானங்கள் தரையில் நின்றன. 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்ணில் பட்டபோது, தன்னைக் காக்க அதில் ஒரு விமானமும் இல்லை, மூழ்கடித்துவிட்டார்கள். ‘ஆபத்து எங்கே வரும்’ என்பதற்குப் பதில் வைத்திருந்தார்கள், ‘வெளியே போனபின் கண்டுவிட்டால்?’ என்பதற்கு இல்லை. எங்கள் கூட்டத்தில் இந்தக் கதை எடுபடும். மல்லி சுழியோடிகளை அந்தக் கப்பல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போன படகுகளில் வேலை செய்தவன்.

பெயரும் காசும்

யோசனை யாருடையதோ அவர் பெயரிலேயே அது ஓடட்டும். அந்த அறைக்கு எங்கள் விடுதியில் ‘அக்காவின்ர றூம்’ என்றுதான் பெயர். முதலாளி வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். ‘நாங்கள் யோசித்தோம்’ என்று பன்மையில் முழுங்காதீர்கள். அதில் வருமானம் வந்தால் முதல் மாதத்திலேயே ஒரு பங்கை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். கைதட்டலை வைத்து அரிசி வாங்க முடியாது.

ஆலோசனைப் பெட்டி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாங்களும் வைத்தோம். ஒரு வருடத்தில் ஒரு கடலைச் சுருளும், ‘மேல்மாடி மின்விசிறி ஓடேல்லை’ என்ற ஒரு துண்டும் கிடைத்தன. அந்த மின்விசிறி அதற்கு 6 மாதம் முன்பே திருத்தப்பட்டிருந்தது. டொயோட்டாவில் 1951 முதல் ஊழியர் ஆலோசனைத் திட்டம் ஓடுகிறது என்றால், அங்கே போட்ட துண்டுக்குப் பதில் வருகிறது. ஒரு கிழமைக்குள் ‘செய்வோம்’ அல்லது ‘இன்ன காரணத்தால் முடியாது’ என்று சொல்ல முடியுமானால் பெட்டி வையுங்கள். முடியாதென்றால் அந்தத் தகரத்தை வேறு எதற்காவது பாவியுங்கள்.

போன கார்த்திகைக் கூட்டத்துக்கு நான் கேள்வி எதுவும் கொண்டுபோகவில்லை. போய்ப் பார்த்தால் பலகையில் ஏற்கெனவே ஒன்று எழுதியிருந்தது, இரவுக் காவல் ஐயாவின் சாய்ந்த எழுத்தில்: "மழைக்கு வாற ஆக்களுக்கு எங்களிட்ட என்ன இருக்கு?" இரண்டு கூட்டம் போய்விட்டது, இன்னும் பதில் பிடிபடவில்லை. அழிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.